ஞானையாவின் உளி

இது நடந்தது. நம்பாதவர்கள் பேட்டைக்கு வந்து என் இடது கைப் பெருவிரல் நகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். எவனாவது பேயைப் பார்த்தேன் என்றால் அவன் வாயை மோந்து பார்க்கிற ஆள்தான் இந்த ஜெபஸ்டின். 1996 மே 14 மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

பேட்டை தொழிற்பேட்டையில் பட்டறை போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீருக்கு ஆழ்துளை போர் போடுகிற வண்டிகளுக்கு ஹைட்ராலிக் வேலை. அந்த வண்டியில் எல்லாமே எண்ணெய் அழுத்தத்தில் ஓடும். எண்ணெய் கொதித்துவிடாமல் காற்றடிக்க ஒரு ஃபேன் உண்டு. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று. அதைச் சுற்றுவதும் எண்ணெயில் ஓடுகிற ஒரு மோட்டார்தான், தேங்காய் அளவு இருக்கும். அன்று வந்த வண்டியில் அது செத்துப்போயிருந்தது.

நல்ல மோட்டார் என்றால் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக பிஸ்டன் மோட்டார் வரவழைக்க வேண்டும். அந்த வேகத்தைப் பத்து வருஷம் தாங்கும். வந்து சேர நாலு நாள். வண்டிக்காரருக்குப் பொறுமை இல்லை. "இன்னைக்கே வண்டி கிளம்பணும். இல்லன்னா வேற பட்டறை பாத்துக்கிடுதேன்" என்றார். தச்சநல்லூர் ஆவுடையப்பன் அண்ணாச்சி கடையில் ஒரு பழைய கியர் மோட்டார் இருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்து, புதுமாப்பிள்ளை கணக்காக. அதை எடுத்தேன்.

எடுக்கும்போதே பார்த்துவிட்டேன். பெயிண்டுக்கு அடியில் கிரைண்டர் தேய்த்த தடம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இனி ஓட்டவே கூடாத மோட்டார் என்று தெரிந்தால், ஃபிட்டர் அதன் உடம்பில் உளியால் இரண்டு வெட்டு வெட்டிவிடுவான். பெருக்கல் குறி. அதை அழிப்பது பாவம்.

"இங்கன தேச்சிருக்கே அண்ணாச்சி?"

"துருல்லா அது. பேசாம மாட்டும் வே."

துரு இல்லை என்று எனக்குத் தெரியும். துரு என்றே வைத்துக்கொண்டேன். வண்டி கை நழுவிப் போய்விடுமே!

பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால், ஃபேன் கூண்டில் உரசி இறக்கை உடைந்து பறக்கும். அதற்கு இரண்டு முழம் தள்ளித்தான் ஆபரேட்டர் வைத்தியலிங்கம் நிற்பார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை.

12.50. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கரண்ட் இல்லை. மோட்டாரையும் ஃபேனையும் வண்டியில் மாட்டிவிட்டேன். எண்ணெய்க் குழாய்தான் பாக்கி. வண்டிச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

1.05. வண்டிக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டங்...

"யாரு? வைத்தியலிங்கம் அண்ணனா?"

எண்ணெய் கருகும் வாடை.

டங்...

சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. பச்சைப் பெயிண்டில், தேய்த்த இடத்திலேயே, பளபளவென்று இரண்டு வெட்டு. தொட்டேன். சுட்டது.

1.09. ஃபேன் அசைந்தது.

குழாய் மாட்டவில்லை. இன்ஜின் ஓடவில்லை. காற்றும் இல்லை. ஆனாலும் சுற்றியது. பைய... பிறகு வேகமாக... பிறகு இறக்கையே தெரியவில்லை.

ஓட நினைத்தேன். என் இடது கையை எதுவோ பிடித்தது. ஐஸ்.

காதோரம் ஒரு குரல்.

"தெரிஞ்சுதான் மாட்டுதியாலே?"

கையை இழுத்தேன். வரவில்லை.

டங்...

"கழட்டிருதேன்!" என்று கத்தினேன். "கழட்டிருதேன்...!"

டங்.

ஃபேன் நின்றது.

கை விடுபட்டது. கீழே ஒரு உளி கிடந்தது. தலையில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. என் பட்டறையில் அப்படி ஒரு உளி கிடையாது. பெருவிரல் நகத்தில் இரண்டு வெட்டு. ரத்தம் இல்லை.

1.14.

மோட்டாரைக் கழற்றிப் பிரித்தேன். பேரிங் தூளாகிக் கிடந்தது. வண்டிக்காரர் கண்டபடி ஏசிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். போகட்டும். வைத்தியலிங்கம் உயிரோடு போனார்.

நாலு மணிக்கு, அந்த உளியையும் எடுத்துக்கொண்டு, மோட்டாரை ஆவுடையப்பன் முகத்தில் விட்டெறியத் தச்சநல்லூர் போனேன். கடை வாசலில் கூட்டம். மத்தியானம் உள்ளே தாழ்போட்டுத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. கதவை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். நெற்றியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு. கைக்கடிகாரம் 1.15இல் நின்றிருந்தது.

கூட்டத்தில் ஒரு பழைய ஃபிட்டர் என் கையிலிருந்த உளியைப் பார்த்துப் பின்வாங்கினார். "இது ஞானையா உளில்லா?" என்றார்.

பாளையங்கோட்டையில் ஞானையாவின் மனைவி ஹெப்சிபாவைத் தேடிப் போனேன். அவர்தான் முழுதும் சொன்னார். 93இல் ஞானையா ஒரு மோட்டாரில் குறி வெட்டி ஒதுக்கினாராம். ஆவுடையப்பன் அதைத் தேய்த்து விற்றுவிட்டார். அது மாட்டிய வண்டி கோளாறாகி ஞானையாவிடமே வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தபோது ஃபேன் உடைந்தது. இறக்கை அவர் கழுத்தில்.

அந்த அம்மா என் நகத்தைப் பார்த்தார்.

"கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன்."

"அதான் நகத்தோட விட்டிருக்காக."

உளியை நீட்டினேன். அவர் தொடவில்லை.

"சவப்பெட்டிய மூடும்போது அவுக கைக்குள்ள நான்தான்யா இத வச்சேன்."

நகம் வளர்கிறது. வாராவாரம் வெட்டுகிறேன். குறி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.