விரல் கொடுத்த மெஷின்

எங்கள் கம்பெனியில் எழுதி வைக்காத விதி ஒன்று இருந்தது. பஞ்சிங் மெஷினில் விரலை இழந்தவரை, அவராக வேலையை விட்டுப் போகும்வரை அந்த மெஷினிலிருந்து யாரும் நகர்த்தக் கூடாது. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே நாலு பேர் இதைச் சொல்லிவிட்டார்கள். எச்சரிக்கையாகச் சொன்னார்களே தவிர ஒருவரும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

சிவகாசியில் பட்டாசுக்கு அட்டைப்பெட்டி செய்யும் அச்சகம் அது. இரண்டாயிரங்களின் நடுவில், டூல் ரூமுக்கும் புது மெஷின்களுக்கும் பொறுப்பாக என்னை எடுத்தார்கள். கோயம்புத்தூரில் டூல் அண்ட் டை படித்து, அங்கேயே இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தேன். வயது இருபத்தைந்து. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்.

அச்சடித்த அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டுவதுதான் பஞ்சிங். ஒட்டுப்பலகையில் எஃகுத் தகட்டை வளைத்துப் பதித்த டை ஒரு பக்கம், எதிரே இரும்புப் பலகை. இரண்டும் வாய் மாதிரித் திறந்து மூடும். திறந்திருக்கும் அந்த நொடியில் வலது கையால் அட்டையை வைக்க வேண்டும், இடது கையால் வெட்டியதை எடுக்க வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று ஓட்டுகிறவர்களே எண்ணுவதில்லை.

வரிசையில் நாலு மெஷின்கள் இருந்தன. மூன்றாம் நம்பரை ஓட்டியவருக்கு இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. வயது ஐம்பது இருக்கும். நான் முதன்முதலில் பக்கத்தில் போய் நின்றபோது மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"பத்தும் இருக்கா தாயி?"

"என்னதுண்ணே?"

"வெரலு."

"இருக்கு."

"அப்ப இன்னும் படிப்பு முடியலன்னு சொல்லுங்க."

மற்ற மூவரும் சிரித்தார்கள். நான் டையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு போய்விட்டேன். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் நான் சிரமப்படவில்லை.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. அந்த வருடம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்கு எதிராக நடந்ததையெல்லாம் குறித்து வைத்தேன். ஸ்பேனர் செட் இரண்டு தடவை காணாமல் போனது. நான் வரைந்து செய்த டையை ஈரத் தரையில் சாய்த்து வைத்ததில் பலகை உப்பியது. பஞ்சிங் பக்கம் நான் நின்றால் டீக்காரர் தட்டோடு திரும்பிப் போனார். நாலு மெஷினுக்கும் பாதுகாப்புக் கம்பி செய்து மாட்டினேன். கை பட்டால் மெஷின் நின்றுவிடும். மறுநாள் காலையில் மூன்றாம் நம்பர்க்காரர் தன் மெஷின் கம்பியைச் சணல் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டியிருந்தார். அவிழ்த்தேன். மறுபடி கட்டினார். பதினோரு தடவை அவிழ்த்ததாக நோட்டில் இருக்கிறது.

"இத எதுக்குண்ணே கட்டுதீக?"

"சட்டை உரசுனாலும் நிக்கிது. லோடை ஒங்கப்பாவா வந்து ஏத்துவாரு?"

"கை போச்சுன்னா?"

"போனது போதும்னு மெஷினுக்குத் தெரியும்."

அடுத்த கோடையில் முதலாளி தானியங்கி பஞ்சிங் மெஷின் வாங்க ஒப்புக்கொண்டார். அட்டையைக் காற்றால் உறிஞ்சி எடுத்து, தானே வெட்டி, தானே அடுக்கும். உள்ளே மனிதக் கை போக வேண்டியதே இல்லை. அதற்காக நான் தயாரித்த அறிக்கைதான் என் வேலையில் நான் செய்த முதல் பெரிய காரியம். ஆனால் அது நீளமான மெஷின். காகித கோடவுன் வாசலுக்கும் தூணுக்கும் நடுவில் மட்டும்தான் வைக்க முடியும். அந்த இடத்தில்தான் நாலு மெஷின்களும் நின்றன.

மற்ற மூன்று பேரும் முனகிவிட்டுச் சம்மதித்தார்கள். மூன்றாம் நம்பர்க்காரர் சம்மதிக்கவில்லை. புது மெஷினை அவரே ஓட்டலாம், பயிற்சிக்கு அனுப்புகிறேன் என்றேன்.

"அதுக்குக் கை வேணுமா?"

"வேண்டாம். பட்டன்தான்."

"கையக் கேக்காத மெஷினு என்னைய எதுக்கு வச்சிருக்கும்? ஒரு மாசம் வச்சிருக்கும். அப்புறம் எவன் வேணாலும் பட்டனை அமுக்கலாம்பீக."

அவர் சொன்னது தப்பில்லை. என் அறிக்கையின் நாலாவது வரியே அதுதான். யாரை வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் பழக்கலாம் என்று எழுதியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

முதலாளியிடம் போனேன். அவருடைய அப்பா காலத்தில், விரல் போனவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, நீ இருக்கிறவரைக்கும் மூணாம் நம்பர் ஒன்னோடது என்று வாக்குக் கொடுத்தார்களாம். சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஒரு மெஷினைக் காட்டி முடித்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அதையும் சொல்லவில்லை. என்னுடைய மெஷின் வர வேண்டும், அவ்வளவுதான்.

"அவன் கையப் பாத்துக்கிட்டு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் முதலாளி. "ஞாயித்துக்கிழம நான் ஊர்ல இல்ல. நீ பாத்து முடிச்சிரு."

ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். இரண்டு ஃபிட்டர்கள், ஒரு லாரி, பழைய மெஷின் வாங்கும் புரோக்கர். ஓடுகிற நிலையில் கொடுத்தால்தான் நல்ல விலை என்று புரோக்கர் சொன்னார். பாதுகாப்புக் கம்பிகளை மட்டும் கழற்றி எங்கள் டூல் ரூமில் வைக்கச் சொன்னேன். அவை கம்பெனியின் பொருள், விற்பனைப் பட்டியலில் இல்லை. அந்த நேரத்தில் அது எனக்கு மிகச் சரியான கணக்காகத் தோன்றியது.

திங்கட்கிழமை அவர் வந்தார். கார்டு பஞ்ச் செய்தார். தரையில் தன் மெஷினின் போல்ட் பிடுங்கிய நாலு ஓட்டைகளைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்த நாலு ஓட்டைகளுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஷிப்ட் முடிந்ததும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு போனார். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. புது மெஷினுக்குக் கான்கிரீட் போட வந்தவர்கள் அவரைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை.

வியாழக்கிழமை நானே போய் முன்னால் நின்றேன்.

"எந்திரிங்கண்ணே. சீசனுக்குள்ள மெஷின் ஓடணும்."

"ஓட்டுங்க."

"நீங்க உக்காந்திருந்தா எப்படி ஓட்ட?"

"ஞாயித்துக்கிழம வாங்க" என்றார். "ஒங்களுக்கு அதான தோது."

நான் மேஸ்திரியைக் கூப்பிட்டு, அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் ஜல்லியைக் கொட்டச் சொன்னேன். கொட்டினார்கள். கலவைத் தண்ணீர் ஓடி வந்து அவர் வேட்டியை நனைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து போனார். வெள்ளிக்கிழமை வரவில்லை.

புது மெஷின் சொன்ன தேதிக்கு ஓடியது. வெட்டுச் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கூரைக்குக் கீழே பஞ்சிங்கில் ஒரு நகம்கூடப் போகவில்லை. இதை நான் இன்றும் எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்து சொல்வேன்.

அடுத்த சீசனில் ஆர்டர் தாங்கவில்லை. புஸ்வாணப் பெட்டியில் ஒரு பகுதியை விஸ்வநத்தத்தில் ஒரு சின்ன ஷெட்டுக்குக் கொடுத்தோம். தரம் பார்க்க நான் போனேன். தகர ஷெட்டின் உள்ளே எங்கள் பழைய மூன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. அதே பச்சைப் பெயிண்ட். ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

மெஷினைத் தேடி அவரே வந்து வேலை கேட்டாராம். ஷெட்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எம் மெஷினு எம் மெஷினுங்காரு. இங்க அதெல்லாம் கெடையாதுய்யா, மத்தியானத்துக்கு மேல வேற ஆளு ஓட்டும்னேன். வெரலு குடுத்தேன்னு கையக் காட்டுதாரு. அத எங்கிட்டயா குடுத்தீரு?"

அவருக்கும் அது கேட்டிருக்கும். நிமிரவில்லை. மெஷின் வாயின் கீழ் விளிம்பில், நான் கம்பியைக் கழற்றச் சொன்ன இடத்தில், இரண்டு மரை ஓட்டைகள் திறந்து கிடந்தன. மத்தியானத்துக்கு மேல் ஓட்டுகிறவர் யார் என்று கேட்டேன். ஷெட்காரர் கை காட்டினார். சுவரோரம் ஒரு பெண் பெட்டிகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"இந்த மெஷினை நிறுத்துங்க" என்றேன். "பாதுகாப்புக் கம்பி மாட்டி நான் பாத்த பொறகு ஓட்டுங்க. அதுவரைக்கும் இதுல வெட்டுன ஒரு பெட்டியக்கூட நாங்க எடுக்க மாட்டோம்."

"ஏம்மா, சீசன்ல வந்து…"

"கம்பிய நானே செஞ்சு அனுப்புறேன். ஒரு வாரம்."

ஷெட்காரர் என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற எங்கள் வேனைப் பார்த்தார், பிறகு சுவிட்சை அணைத்தார். மூன்றாம் நம்பர்க்காரர் பாதி வெட்டிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வாரம் கழிச்சு வாரும்" என்றார் ஷெட்காரர் அவரிடம். "பசை வேலைக்கு ஆளு இருக்கு."

அவர் அட்டையைக் கட்டின் மேல் சரியாக அடுக்கினார். சட்டையைப் போட்டுக்கொண்டார். என்னைத் தாண்டும்போது நின்றார்.

"ரெண்டாந்தடவ எறக்கி விட்டுட்டீக" என்றார். "இன்னைக்குப் பரவால்ல. நான் இருக்கும்போது செஞ்சீக."

டூல் ரூமில் இருந்த அவர் மெஷினின் கம்பியையே மறுநாள் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது அதை மாட்டியிருந்தார்கள். அந்தப் பெண் அட்டை வைத்துக்கொண்டிருந்தாள். கம்பியை உள்ளங்கையால் தள்ளினேன், மெஷின் நின்றது. அவர் எங்கே என்று கேட்டேன்.

"அவரு வரல" என்றார் ஷெட்காரர். "கம்பி போட்ட மெஷினு தனக்கு வேண்டாம்னு சொல்லிவிட்டாரு. லோடு ஏத்தலாமாம்மா?"

ஏற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.