மைனாவை நிறுத்தச் சொன்ன அன்று

1. சாட்டை பறிமுதல்

குதிரை வண்டிப் பந்தயத்துக்கு என்னை டாக்டராகப் போட்ட முதல் நாளே வண்டிக்காரர்களிடம் கெட்ட பெயர் வாங்கிவிட்டேன். சென்னை, ஊட்டி மாதிரி புல் மைதானம், தொப்பி போட்ட ஜாக்கி எல்லாம் இங்கே கிடையாது. விளாங்குடி தாண்டிக் கண்மாய்க்கரையை ஒட்டிப் போகும் தார் ரோடுதான் மைதானம். ஒரு குதிரை, இரண்டு சக்கர வண்டி, ஒரு சாரதி. முதலில் எல்லையைத் தொடுகிற வண்டிக்கு முதல் கொடி, அதாவது முதல் பரிசு. இப்போதெல்லாம் பந்தயத்துக்கு அனுமதி வேண்டுமென்றால் கால்நடை டாக்டர் குதிரைகளைப் பார்த்தாக வேண்டும். சாட்டையும் இருக்கக் கூடாது. எல்லாச் சாட்டையையும் வாங்கி ஜீப்பின் பின்சீட்டில் போட்டேன்.

"சாட்டை இல்லாம எப்பிடி டாக்டரம்மா ஓடும்? நீங்க கையெழுத்துப் போட்டா ஓடிருமா?" என்றார் ஒருவர்.

"ஓடலைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நெழல்லயாவது நிக்கும்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பாண்டி மட்டும் நான் கேட்கும் முன்பே சாட்டையை நீட்டினார். ஆரப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். மைனா என்றொரு செவலைப் பெண்குதிரை வைத்திருந்தார். நான்கு கால்களையும் தடவிப் பார்த்தேன், பழுதில்லை. அவர் முகத்தில்தான் களை இல்லை.

"என்னய்யா, குதிரை நல்லாத்தானே இருக்கு?"

"இன்னைக்கு மொதக் கொடி வாங்கணும் டாக்டரம்மா. இல்லைன்னா கொடைக்கானல் சவாரிக்காரங்ககிட்ட இதை வித்துரணும்னு எங்க வீட்டுல சொல்லிட்டா. ஆட்டோ ஓட்டவே நேரம் பத்தல, இதுல குதிரை என்னத்துக்குன்னு கேக்குறா. அவ கேக்குறதும் நியாயந்தான்."

2. ஜீப்பிலிருந்து பார்த்தது

தல்லாகுளம் ஆஸ்பத்திரியில் நான் பார்த்த குதிரையெல்லாம் நோயோடு தலை கவிழ்ந்து நின்றவை. குதிரை என்றால் என்னவென்று அன்றைக்கு வண்டிகளுக்குப் பின்னால் ஜீப்பில் போகும்போதுதான் பார்த்தேன். அம்மாடி! எத்தனை புத்தகம் படித்து என்ன, அந்தத் தொடைத் தசை இழுபடுவதைப் பின்னாலிருந்து பார்த்ததும் ஜீப் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டேன். சாட்டைச் சத்தம் இல்லாததால் குளம்படியும் சாரதிகளின் குரலும் மட்டுமே கேட்டன. பாண்டி, "வா தாயி, வா தாயி" என்று பேசிக்கொண்டே போனார். மைனா காதுகளைப் பின்னால் திருப்பி அவர் பேச்சைக் கேட்டபடியே ஒவ்வொரு வண்டியாகத் தாண்டியது. என்னை அறியாமல் நானும் "வா தாயி" என்று கத்திவிட்டேன்.

எல்லைக் கொடி கண்ணுக்குத் தெரிந்தது. மைனாதான் முதல். ஜீப்பில் என் பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர் மைக்கில் பாண்டி பேரைச் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மைனாவின் தலை ஆடுவதைக் கவனித்தேன். முன்னங்காலில் வலி வந்த குதிரை, அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கும். இடது கால் படும்போதெல்லாம் மைனா தலையைத் தூக்கியது. ஆனால் வேகம் இம்மியும் குறையவில்லை.

"மைக்கைக் குடுங்க!"

"டாக்டரம்மா, எல்லை இந்தா இருக்கு. போகட்டும் விடுங்க!"

பிடுங்கினேன். "பாண்டி, நிறுத்து! முன்னங்கால் போகுது, நிறுத்து!"

அந்த இரைச்சலில் காதில் விழவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் யார் மறுக்கப் போகிறார்கள்? பாண்டி ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வாரைப் பிடித்து இழுத்தார்.

மைனா நிற்கவில்லை. இன்னும் பலமாக இழுத்து ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்தி, குதித்து ஓடி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மற்ற வண்டிகள் தாண்டிப் போயின. அதைப் பார்த்ததும் மைனா கனைத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய ஆளையும் சேர்த்து இழுத்தபடி அவற்றின் பின்னால் போகப் பார்த்தது. "போதும்டி, போதும் தாயி" என்று பாண்டி அழுதார். கூட்டம் கண்டபடி ஏசியது.

குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். லாடத்துக்கு உள்பக்கம் ஒரு ஜல்லிக்கல் ஆப்பு மாதிரி ஏறியிருந்தது. எல்லை வரை ஓடியிருந்தால் அந்தக் கால் எதற்கும் உதவாமல் போயிருக்கும். அவ்வளவு வலியிலும் ஓடத்தான் பார்த்தது அந்த ஜீவன். சாட்டையாலா குதிரை ஓடுகிறது? அதை நிறுத்தத்தான் ஒரு ஆள் வேண்டும். வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

3. கட்டு மாற்ற வந்தவர்

அடுத்த வாரம் மைனாவை மினி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தது பாண்டியின் மனைவி. நான் கட்டு மாற்றுகிற வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடைக்கானல்காரர் எப்போது வருகிறார் என்று நானாகத்தான் கேட்டேன்.

"வர வேணாம்னுட்டேன் டாக்டரம்மா. இவரு நிப்பாட்டுனத யாரோ வீடியோ எடுத்து, தெருவே பாத்துச்சு. நானும் பாத்தேன். இம்புட்டு நாளும் குதிரைப் பைத்தியம்னு ஏசிட்டு இருந்தேன். செயிக்கப் போற நேரத்துல நிப்பாட்டுற மனுசன என்னன்னு ஏசுறது, சொல்லுங்க?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அதில் வந்தது "வா தாயி" மட்டும்தான், அதுவும் மைனாவிடம்.