சிங்கமென்று சொன்ன இடக்கை

செம்பூரில் எங்கள் ஸ்கேன் அறைக்குச் சன்னல் இல்லை. விளக்கைத் தணித்துவிட்டால் திரையின் சாம்பல் ஒளி ஒன்றே எஞ்சும். வெளியே பெய்யும் மழைகூட எப்போதோ பெய்த மழையைப்போல் கேட்கும். அத்தகையதொரு பிற்பகலில் தாராவியிலிருந்து தோல்பை தைப்பவர் ஒருவர் மனைவியோடு வந்தார். வலக்கை விரல்கள் மரத்து, ஊசியைப் பற்றியிருப்பதே அவருக்குப் புலப்படவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு அவருடைய மருத்துவர் சொல்லி மாதங்கள் சில கடந்திருந்தன. அவரோ தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

"எந்நேரமும் கைய உதறிக்கிட்டே இருக்காவ டாக்டரம்மா. ரயில்ல எதுத்தாப்புல நிக்கிறவங்க, இவிய டாட்டா காட்டுதாவன்னு பதிலுக்குக் கையாட்டுதாங்க," என்றார் மனைவி.

"சும்மா இருட்டி," என்றார் அவர், சிரிப்பை அடக்கியபடி.

மணிக்கட்டில் ஜெல்லைத் தடவிக் கருவியின் முனையை வைத்தேன்.

"விரலை மெதுவா மடக்கி நீட்டுங்கோ."

கலங்கிய நீரின் ஆழத்தில் கயல்கள் திரும்புவதுபோல் தசைநாண்கள் வழுக்கி ஓடின. அவற்றோடு அசைந்திருக்க வேண்டிய நரம்பு மட்டும் அசையவில்லை. மணிக்கட்டின் குறுகிய வழிக்குள் நுழையுமிடத்தில் பருத்தும், உள்ளே கெட்டியான பட்டையின்கீழ் நசுங்கித் தட்டையாகியும் கிடந்தது. அளந்து குறித்துக்கொண்டேன்.

"இடது கையையும் காட்டுங்கோ. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்."

"அதப் பாக்கவே வேண்டாம், அது சிங்கம்லா. நாலு மாசமா வெட்டுறது, தைக்கிறது எல்லாம் இதுலதான். நல்லாப் பழக்கிட்டேன். இது இருக்கையில ஆப்பரேசன் எதுக்குங்கேன்?"

பெருமையோடுதான் நீட்டினார். திரையில் மீண்டும் அதே சாம்பல் நீர், அதே கயல்கள். அவற்றினிடையே இடக்கையின் நரம்பும் பருக்கத் தொடங்கியிருந்தது. பிழையாய் அளந்தேனோ என்று மறுபடி அளந்தேன். எண் மாறவில்லை.

"இதுலயும் வீக்கம் ஆரம்பிச்சிருக்கு. வலதைவிடக் கம்மிதான். ஆனா ரெண்டு கை வேலையையும் இது ஒண்ணே பாத்துண்டிருந்தா, இதுவும் அப்படியே ஆயிடும்."

இரு கைகளின் படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். தம் கைகளுக்குள் இத்தனை காலமும் இப்படியோர் ஊர் இருந்ததை அன்றுதான் அறிந்தவர்போல் தோன்றினார்.

"வலக்கைக்கு எப்ப ஆப்பரேசன் வச்சுக்கிடலாம்?" என்றார் பின்னர்.

"ரிப்போர்ட்டை இன்னிக்கே தந்துடறேன். நாளைக்கே உங்க டாக்டரைப் பாருங்கோ."

ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், மூலையில் சாத்தியிருந்த ஈரக்குடையை எடுக்க வழக்கம்போல் இடக்கையை நீட்டினார். மனைவி முந்திக்கொண்டார்.

"சிங்கத்துக்கும் கொஞ்சம் லீவு குடுங்க," என்றார்.