ஆறு கேள்விகளும் ஏழு பதில்களும்

ஆவி, பேய் என்று யாராவது தொடங்கினால், எந்த நாள், எத்தனை மணி, கூட நின்றது யார் என்று கேட்டு வாயடைக்கிறவன் நான். மழை பெய்த நாளைக்கூடக் கொப்பியில் குறித்துவைக்கிற ஆள் சொல்கிறேன், கேளுங்கள். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

என் தங்கை வதனிக்கு எட்டு மாதமும் பதினொரு நாளும் பேச்சில்லை. எங்கள் ஊர் மண்கும்பானில் இருக்கிற காணியை விற்கிற விஷயமாகக் கனடாவில் இருந்த சின்னண்ணையோடு, அதாவது என் தம்பியோடு, தொலைபேசியில் சண்டை பிடித்தாள். மூன்றாம் நாள் அவன் மாரடைப்பில் போய்விட்டான். செய்தி வந்த கணத்தில் இவள் குரல் அடங்கிப்போனது. தொண்டையில் பழுதில்லை என்றார்கள். மந்திரித்த நூல்கூடக் கட்டிப் பார்த்தோம்.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு மனநல மருத்துவர், மயக்க மருந்தைச் சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி, அரைத் தூக்கத்தில் பேசவைக்கலாம் என்றார்.

"அவ கதைப்பா. மருந்து இறங்கினாப் பிறகும் குரல் நிக்குமோ எண்டு சொல்ல ஏலாது, ஐயா."

கேட்கவேண்டிய ஆறு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பதில்களைக் குறிப்பது என் வேலை. அவள் தலைமாட்டுக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்தேன்.

முற்பகல் பத்தரை மணி. அவள் கண்கள் மூடியிருந்தன. மருத்துவர் வாய் திறக்கவே இல்லை, வதனி பேசத் தொடங்கிவிட்டாள். பெயர், ஊர், வீட்டில் யார் யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனவள், ஆறாவதாக, "செத்தாலும் இஞ்ச வராதேங்கோ எண்டு சின்னண்ணைக்கு நான்தான் சொன்னனான்" என்று விம்மி அழுதாள். மருத்துவர் தாளை விரித்து என்னிடம் நீட்டினார். அவர் கேட்காத ஆறு கேள்விகளுக்கும் பதில், அதே வரிசையில்.

மருந்து இறங்கியபின் அவள் ஒன்றும் பேசவில்லை. பயந்துபோய்ப் பேருந்தில் ஏற்றினேன். எங்கே இறக்கம் என்று நடத்துநர் கேட்க, நான் சொல்லுமுன், "மண்கும்பான். காலை மிதியாமல் நில்லும் தம்பி" என்றாள். அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன், வெட்கமில்லை. அந்தக் குரல் இன்றுவரை நிற்கிறது. மீன்காரர் அவள் பேரம் பேசுகிற வாய்க்குப் பயந்து வேறு ஒழுங்கை வழியாகச் சுற்றிப் போகிறார். "பெரியண்ணை, எழுதினது காணும், சாப்பிட வாங்கோ" என்று குசினியிலிருந்து போடுகிற சத்தத்தில் எனக்கு இரட்டைப் பசி எடுக்கிறது.

ஆனால் என் கொப்பியில் ஏழாவது பதில் ஒன்றும் இருக்கிறது. அழுது ஓய்ந்தபின், மூடிய கண்களோடு, யாருக்கோ காது கொடுப்பதுபோலத் தலையைச் சரித்து, சிரித்தபடி அவள் சொன்னது:

"ஓம், பெரியண்ணைதான் எழுதுறார்."