அரங்கேற்ற நாளில் புல் அறுப்பு

கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. சாணைச் சக்கரத்தில் இரும்பு உரசும் சத்தம். நீளமாக ஒரு இழுப்பு, சின்ன இடைவெளி, மறுபடியும் ஒரு இழுப்பு.

சமையலறை மேசையில் கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, கழுத்தில் செம்பழுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்த சீட்ஸ்கேயின் விரல்கள் அப்படியே நின்றன. வீடும் மாட்டுக் கொட்டகையும் ஒரே கூரையின் கீழ்தான். நடுவில் ஒரு பலகைக் கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் அவள் கணவன் டூவே புல்வெட்டியின் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கே வெட்டப்போகிறான். எத்தனையோ நாளிருக்க, இன்றைக்கா?

சாயங்காலம் நாடகம் அரங்கேறுகிறது. முன்வயலில் வைக்கோல் கட்டுகளை வரிசையாகப் போட்டு இருக்கைகள் தயார். இந்த ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் கோடை வந்துவிட்டால் ஊருக்கு ஊர் திறந்தவெளி நாடகம்தான். இந்த ஊரில் இந்த ஆண்டு நாடகத்தின் நாயகி ஒரு பறவை. கருவால் மூக்கன். ஆப்பிரிக்காவிலிருந்து கடலும் பாலையும் தாண்டி வந்து, இந்தப் புல்வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் நீண்ட அலகுப் பறவை. ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. அதன் குஞ்சுகள் பறக்கக் கற்கும் முன்பே புல்வெட்டிகள் வயலில் இறங்கிவிடுகின்றன. அதைத்தான் நாடகம் சொல்கிறது. அந்தத் தாய்ப்பறவையாக நடிப்பவள் சீட்ஸ்கே.

நிஜத் தாய்ப்பறவை ஒன்று, நான்கு குஞ்சுகளோடு, டூவேயின் பின்வயலில்தான் இருக்கிறது!

இது போதாதென்று கடைசிக் காட்சி வேறு. மேடையிலிருந்து பறவை இறங்கி, கூட்டத்துக்குள் நடந்து, ஒரு விவசாயியின் முன்னால் போய் நிற்க வேண்டும். "என் பிள்ளைகளை நான் எங்கே வைப்பேன்?" என்று கேட்க வேண்டும். அதற்கு மேல் வசனம் கிடையாது. அவர் வாயைத் திறந்து பதில் சொல்லும்வரை பறவை அசையாமல் நிற்கும். ஒத்திகைகளில் ஒரு காலி நாற்காலியைக் கேட்டுப் பழகினாள். நேற்று ஒத்திகை முடிந்ததும் நாடகத்தை எழுதி நடத்துகிற கோஸ்ஸே அவளைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டான்.

"நாளைக்கு டூவே முன்னாடி போய் நில்லு. அவன் வயல்லதானே நாடகம் நடக்குது. அவன் சரின்னு சொன்னா ஊரே சொல்லும்."

அவள் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவள் சுபாவமே அப்படி.

பக்கத்து ஊர் ரொட்டிக் கடைக்காரரின் ஐந்தாவது மகள் சீட்ஸ்கே. பேச வாய்ப்பே கிடைக்காத வீட்டில் பிறந்து, பேச்சே இல்லாத வீட்டுக்கு மருமகளாக வந்தவள். மாடுகள், பால், கன்றுகள், குளிர்காலம், மறுபடியும் புல். டூவே கெட்டவன் இல்லை. ஒருநாளும் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் வயல் அவனுடையது, சமையலறை அவளுடையது. அந்தப் பலகைக் கதவைத் தாண்டி ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டதே இல்லை. ஊர் நாடகத்தில்கூட அவள் இடம் மேடைக்குக் கீழே, குழியில். நடிகர்கள் வரி மறந்தால் கிசுகிசுப்பாக எடுத்துக் கொடுப்பாள். எல்லாருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம். தன்னுடையது என்று ஒரு வரி இருந்ததில்லை.

கோஸ்ஸே ஊர்த் தபால்காரன். சென்ற இலையுதிர்காலத்தில் ஒருநாள் சைக்கிளில் போகும்போது, அவள் வயலின் கோடியில் நின்று மாடுகளைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறான். சைக்கிளை வாய்க்கால் ஓரமாகப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "இந்தக் குரலை வெச்சுக்கிட்டா நீ குழிக்குள்ள உக்காந்திருந்த?" என்றான். அன்றைக்குத் தொடங்கியதுதான் இத்தனையும். குளிர்காலம் முழுக்கப் பறவையின் குரலைப் பழகினாள். அந்த அபாயக் கூவலை அவள் எழுப்பும்போது ஒத்திகை பார்க்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, தன் தொண்டைக்குள் யாரோ குடியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

சாணைச் சத்தம் நின்றது. அந்த நிசப்தம் இன்னும் பயமாக இருந்தது. கொட்டகையின் பெரிய கதவு உருண்டு திறந்தது. பிறகு டிராக்டர் உறுமியது.

சாயக் கிண்ணம் சாய்ந்து மேசையெல்லாம் வழிந்ததை அவள் பார்க்கவே இல்லை. மரச்செருப்பை மாட்டிக்கொண்டு, பாதிக் கழுத்து பறவையும் பாதிக் கழுத்து மனுஷியுமாக வெளியே ஓடினாள்.

பின்வயலில் டிராக்டர் முதல் வரிசையை வெட்ட ஆரம்பித்திருந்தது. புல் சரிந்துகொண்டே போயிற்று. அதன் மேலே தாயும் தந்தையுமாக இரண்டு மூக்கன்கள் வட்டமிட்டு அலறின. ஓட்டுநர் கூண்டிலிருந்து ரேடியோ பாட்டு காது கிழியக் கேட்டது. டூவேக்குப் பாட்டென்றால் உயிர் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள். ஆனால் இப்போதுமா? இந்த அலறலுக்கு நடுவிலுமா?

அவனைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அவன் பெயரல்ல. குளிர்காலம் முழுக்கப் பழகிய கூவல்.

"வீக்கா! வீக்கா! வீக்கா!"

வயலே அதிர்ந்தது. அவள் கையை விரித்துக்கொண்டு புல்லுக்குள் ஓடினாள்.

"கத்தாதே! சீட்ஸ்கே, வாயை மூடு!"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோஸ்ஸே. நீண்ட கழியை நடு வாய்க்காலில் ஊன்றி ஒரே எம்பில் இந்தக் கரைக்கு வந்து விழுந்தான். ஊரில் வயல்வெளிப் பறவைகளின் கூடுகளைத் தேடிக் காக்கிறவர்களில் அவனும் ஒருவன். மூச்சு வாங்க ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தான்.

"இந்தச் சத்தத்தைக் கேட்டா குஞ்சு என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாதா? ஓடாது. புல்லோட புல்லா அமுங்கிப் படுத்துக்கும். நரி வந்தாலும் சரி, கத்தி வந்தாலும் சரி, அசையாது. பெத்தவங்க கத்துறதே போதும், நீ வேறயா?"

அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கடவுளே! ஊரையே அழ வைத்த கூவல். காப்பாற்றுவதாக நினைத்து ஓடி வந்தாளே! எங்கோ அவள் காலடியில், நான்கு உயிர்கள் அவள் குரலுக்குக் கீழ்ப்படிந்து, கத்தி வரும் பாதையில் தலையைச் சாய்த்துப் படுத்துக் கிடக்கின்றனவா?

டிராக்டர் நின்றது. டூவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன ஆச்சு? கன்னுக்குட்டி எதுவும் வாய்க்கால்ல விழுந்துடுச்சா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அப்புறம் எதுக்கு இந்தக் கோலத்துல ஓடி வர்ற? சொல்லு சீட்ஸ்கே, நேரமில்ல. நாளைக்கு மத்தியானம் மழைன்னு ரேடியோல சொல்றான்."

பறவையின் குரல் போய்விட்டது. மனுஷியின் குரலோ வர மறுத்தது. கடைசியில் அவளால் சொல்ல முடிந்தது இதுதான்:

"காப்பி குடிக்க வா."

டூவே மேற்கே வானத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காப்பிக்குக் கூப்பிட்டு வராமல் இருந்த வரலாறு அவனுக்கு இல்லை. எஞ்சினை அணைத்தான்.

மூவரும் சமையலறைக்கு வந்தார்கள். மேசையில் வழிந்திருந்த சிவப்பைத் துடைத்துவிட்டு அவள் மூன்று கோப்பைகளில் காப்பி ஊற்றினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்து மூடி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பறவைகள் இன்னும் அடங்கவில்லை.

"நல்ல காப்பி," என்றான் கோஸ்ஸே.

"நல்ல காப்பிக்காகவா கழியைத் தூக்கிக்கிட்டு என் வயலுக்குள்ள குதிச்ச?" என்றான் டூவே. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்.

"குஞ்சு இருக்குடா உன் பின்வயல்ல. முட்டையா இருந்தா பக்கத்துல குச்சி நட்டு வெப்போம், நீ சுத்திப் போயிடுவ. ரெண்டு நாளா அதுங்க கூட்டை விட்டு இறங்கி நடக்குதுங்க. எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது."

"என் மாடுங்க பனிக்காலத்துல எதைத் தின்னும்? உன் நாடகத்துக்கு வர்ற கைதட்டலையா?"

"அதான், சாயந்திரம் எல்லார் முன்னாடியும் கேக்கும்போது இதே பதிலைச் சொல்லு பார்ப்போம்!"

சீட்ஸ்கேயின் முகம் வெளுத்தது. கோஸ்ஸே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வார்த்தை மேசைமேல் விழுந்துவிட்டது.

"யாரு கேக்கப்போறா?" டூவே கோப்பையைக் கீழே வைத்தான். "யாரை?"

அவன் மெல்ல மனைவி பக்கம் திரும்பினான். அந்தச் செம்பழுப்புக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயா? என்னையா? ஊர்க்காரங்க அத்தனை பேரும் உக்காந்திருக்கும்போதா?"

அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, கேட்க வேண்டியதை வேஷம் போட்டுக்கொண்டுதான் கேட்பாளா? அந்த முகத்தில் அவள் படித்தது அதைத்தான்.

"வரமாட்டேன்," என்றாள். அவளுக்கே கேட்காத குரலில். பிறகு, தன்னையும் அறியாமல், கொஞ்சம் பலமாக: "அங்க உன் முன்னாடி வந்து நிக்க மாட்டேன் டூவே. இங்க கேக்குறேன். நான்தான் கேக்குறேன், பறவை இல்ல. இன்னைக்கு வெட்டாதே. இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் விடு."

சொல்லிவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டூவே பிஸ்கட்டை இரண்டாக உடைத்தான், தின்னவில்லை.

"நான் ஏன் வெட்டும்போது ரேடியோவை அவ்வளவு சத்தமா வைக்கிறேன், தெரியுமா?"

"பாட்டு பிடிக்கும்னு..."

"எந்தப் பாட்டும் பிடிக்காது எனக்கு." அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "ஒரு வருஷம் கத்தியில ஒரு குஞ்சு மாட்டின சத்தம் கேட்டுச்சு. சின்ன சத்தம்தான். இறங்கிப் பார்த்தேன். அதுலேர்ந்து ரேடியோ."

சீட்ஸ்கேக்குக் கண் நிறைந்தது. பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒருவன் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தானா? அவள் இந்தப் பக்கத்தில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாளா?

டூவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோஸ்ஸேயிடம் திரும்பினான்.

"தீவனப் பை பத்து இருபது கிடக்கு. கம்புல கட்டி வயல் முழுக்க நட்டா, காத்துல படபடன்னு ஆடும். அதுக்குப் பயந்து தாய் ராத்திரியோட ராத்திரியா குஞ்சுங்களைப் பக்கத்து வயலுக்குக் கூட்டிட்டுப் போயிடுமா?"

"போகும். பெரும்பாலும் போகும்."

"பெரும்பாலும்!"

"நான் என்னடா பண்ணட்டும், அதுகிட்ட கையெழுத்தா வாங்க முடியும்?"

"விடிஞ்சதும் வெட்டுவேன். மழை முந்திக்கிச்சுன்னா என் முதல் அறுப்பு அத்தனையும் நனையும். அது என் தலைவிதி." டூவே எழுந்தான். "ஆனா ஊர் முன்னாடி என்கிட்ட யாரும் கேள்வி கேக்கக் கூடாது. பதில் சொல்லியாச்சு. இவகிட்டச் சொல்லியாச்சு."

"அது எப்படி?" கோஸ்ஸே துள்ளி எழுந்தான். "நாலு சுவத்துக்குள்ள சொன்னா யாருக்குக் கேக்கும்? நாளைக்கு மத்தவங்க எல்லாரும் வெட்டுவாங்களே! ஜனங்க கேக்கணும்னுதானே நாடகமே போடுறோம். சீட்ஸ்கே, கடைசிக் காட்சியில யார் முன்னாடிதான் போய் நிப்ப?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளைக் கலங்க வைத்தது. ஊர் முழுக்கப் பின்வயல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தாய்.

"உன் முன்னாடி," என்றாள்.

"என்ன?"

"உன் முன்னாடி வந்து நிக்கிறேன் கோஸ்ஸே. உன் வீட்டுப் பின்னாடி இருந்த புல்தரையை எடுத்துட்டு முழுக்கக் கல்லு பதிச்சியே. களை பிடுங்க நேரமில்லேன்னு. அங்க ஒரு புழு இருக்குமா? என் பிள்ளைங்களை அங்க எங்க வைப்பேன்?"

டூவே சிரித்தேவிட்டான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "சொல்லுடா, எழுத்தாளரே! பதில் சொல்றவரைக்கும் அவ அசையமாட்டாளாமே!"

கோஸ்ஸேயின் காது நுனிவரை சிவந்தது. "நான் விவசாயி இல்லையே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினான். பிஸ்கட்டின் மிச்சத்தை வாயில் போட்டு மென்றான்.

"முன்வரிசையில உக்காரணுமா நான்?"

"உக்காரணும்," என்றாள் சீட்ஸ்கே. "உன்னை முதல்ல கேப்பேன். நீ என்ன சொல்றியோ, அதுக்கப்புறம் பக்கத்துல இருக்கிறவங்களைக் கேப்பேன். ஒவ்வொருத்தரா."

"என் நாடகத்தையே மாத்திட்டா, பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் தொப்பியை எடுத்தான். மூலையில் சாத்தியிருந்த கழியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தான். மேற்கே மேகம் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"கழுத்துல பாதிதான் சாயம் இருக்கு," என்றான் கோஸ்ஸே வாசலில் நின்று. "மிச்சத்தையும் பூசிக்க. நான் போய் அந்தக் கல்லையெல்லாம் பேத்து எங்க கொட்டுறதுன்னு வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைக்கிறேன்."

அவன் படியிறங்கினான். சீட்ஸ்கே கதவைச் சாத்தினாள்.