திலகவதி மனைக்கு வடக்கு

இங்கிலாந்தின் லெஸ்டரில் வீடு வாங்கியபோது எங்கள் கைக்குப் பத்திரம் எதுவும் வரவில்லை. மூலப்பத்திரம் எப்போது வரும் என்று, வாங்கும் வேலையைப் பார்த்த வக்கீலான சொலிசிட்டரிடம் கேட்டேன். அப்படி ஒன்று கிடையாது, பதிவேட்டில் உங்கள் இருவர் பெயரும் ஏறிவிட்டது, அதுவே போதும் என்றார். என் மனைவி திலகவதிக்கு அது போதவில்லை. அவர் மின்னஞ்சலில் அனுப்பிய பதிவேட்டு நகலை அச்செடுத்தாள். எங்கள் ஊரான செஞ்சியில் புதுப் பத்திரத்துக்குச் செய்வதுபோல நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, சாமிப் படத்தின் முன் ஒருநாள் வைத்துவிட்டு, அதன் பிறகே அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சட்டப்படி அந்தத் தாளுக்கு எந்த மதிப்பும் இல்லை என்றேன். "மஞ்சளுக்கு இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கடந்த குளிர்காலத்தில் அவள் இறந்தாள். அந்த வீட்டின்மீது நாங்கள் பெற்றிருந்தது மாதந்தோறும் வட்டியை மட்டும் கட்டிவரும் வகைக் கடன். தவணைக்காலம் முடியும்போது அசலை மொத்தமாகத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் வீட்டை விற்றுத்தான் தீர்க்க வேண்டும். முடியும் காலம் இந்த ஆண்டில் வந்தது. அவள் நட்ட பேரி மரம் நிற்கும் அந்த வீட்டிலேயே இருக்க விரும்பினேன். அதற்கு ஒரு வழிதான் தெரிந்தது. வேறொரு வங்கியில் என் ஒருவன் பெயருக்குக் குறுகிய காலக் கடனாக மாற்றிக்கொள்வது, அதாவது ரீமார்ட்கேஜ். பிறகு செஞ்சியில் இருக்கும் எங்கள் வீட்டை விற்று அந்தக் கடனை அடைப்பது. இரண்டு வீடுகளும் எங்கள் இருவர் பெயரிலும் இருந்தன. அதனால் இரண்டுக்கும் ஒரே சட்டம் என்று நான் நினைத்துவிடவில்லை. மண்ணியல் கற்பித்தவனாயினும் அந்த அளவுக்கு உலகம் தெரியும். ஆனால் எங்கே எது என்பதில் தவறினேன், இரண்டு முறை.

அடமானக் கடன் ஆலோசகரைப் பார்க்கப் போகுமுன், எங்கள் ஊர்க்காரர் எவரும் செய்வதைத்தான் செய்தேன். தாய் இறந்தால் மகளுக்குப் பங்கு உண்டு; மகள் பின்னாளில் வழக்குப் போடமாட்டாள் என்று காட்டினால்தான் வங்கி நம்பும். எங்கள் ஒரே மகள் கயல்விழி கிளாஸ்கோவில் இருக்கிறாள். தாயின் பங்கில் தனக்குள்ள உரிமையை முன்னிட்டு இந்தக் கடனுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவளிடம் எழுதி வாங்கி, நோட்டரி முத்திரையும் பெற்றுக் கொண்டுபோனேன். ஆலோசகர் இளம்பெண். முதலில் என் இழப்புக்கு வருத்தம் தெரிவித்தார். பிறகு கடிதத்தைப் படித்தார். மகள் உங்களோடு வசிக்கிறாரா என்றார். இல்லை என்றேன். வீட்டுக்குப் பணம் போட்டாரா என்றார். இல்லை என்றேன். பிறகு எப்படிப் பங்கு வந்தது என்று கேட்டார். மகள் என்பதால் வந்தது என்றேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். நாங்கள் வாங்கியது 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்ற முறையில். அதில் தனித்தனிப் பங்கே கிடையாது. ஒருவர் இறக்கும் கணத்தில் வீடு முழுவதும் மற்றவருடையதாகிவிடும். உயில் வேண்டாம், வாரிசுச் சான்று வேண்டாம், பிள்ளைகளின் கையெழுத்தும் வேண்டாம். திலகவதியின் மூச்சு நின்றபோது நான் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தியதற்குக் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தபோதே வீடு முழுவதும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டிருக்கிறது.

ஆனால் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. மகள் பங்கு கோருகிறாரோ என்ற கேள்வி எழுந்த பிறகு, வங்கியின் சொலிசிட்டர் அதைத் தீர்க்காமல் பணம் விடுவிக்கமாட்டார். கயல்விழி தனியாக ஒரு சொலிசிட்டரிடம் ஆலோசனை பெற்று, தனக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை என்று கையொப்பமிட வேண்டியதாயிற்று. தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, இல்லாத பங்குக்கு இங்க ஒரு வக்கீல் வைக்கச் சொல்றீங்க. சரி. இருக்கற பங்குக்கு அங்க எத்தனை பேரை வைக்கப்போறீங்க?" பழைய வங்கி சில மாத அவகாசம் தந்தது. அதற்குள் செஞ்சி வேலையை முடிக்கலாம் என்று புறப்பட்டேன்.

செஞ்சி வீட்டு மனையை வாங்கியவள் திலகவதி. நான் அப்போது இங்கிலாந்தில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். பேரம் பேசி, அளவுக்கல் நட்டு, வீடு கட்டி முடித்துவிட்டு, பிறகே அவள் என்னிடம் வந்து சேர்ந்தாள். பத்திரத்தில் என் பெயரையும் சேர்த்திருந்தாள். தெருவில் மட்டும் அது திலகவதி மனைதான். கலைச்செல்வி என்ற செவிலியர் பல ஆண்டுகளாக அங்கே குடியிருக்கிறார். பக்கத்து அனந்தபுரத்துக்காரர். வீட்டை வாங்கிக்கொள்ள அவருக்கு வீட்டுக் கடனும் கிடைத்திருந்தது. ஆனால் வங்கி சொன்ன தேதிக்குள் பத்திரங்கள் போய்ச் சேராவிட்டால் ஒப்புதல் காலாவதியாகிவிடும். ஆகவே இரண்டு பேருடைய வீடு அந்த ஒரு பத்திரத்தை நம்பியிருந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் ஏழுமலையின் கடை. வாசலில் நின்றால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். ஏழுமலை அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பார். கலைச்செல்வியும் நானும் போனோம். லெஸ்டரில் கற்ற பாடம் புதிதாக இருந்தது. "ரெண்டு பேர் பேர்ல வாங்கினது. அவங்க இறந்துட்டாங்க. இனி முழுசும் என்னுது. இறப்புச் சான்று இருக்குது, எழுதிடலாம்" என்றேன்.

ஏழுமலை கண்ணாடியைக் கழற்றினார். "அது எப்படிங்க சார்? உங்க பாதி உங்களுது. அம்மா பாதி தானா நடந்து வந்து உங்க மடியில உக்காந்துக்குமா?"

"இங்கிலாந்துல அப்படித்தான்."

"அங்க உக்காரட்டும் சார். இங்க பொண்ணுக்கு அதுல பங்கு இருக்குது. வாரிசு சர்டிபிகேட் வாங்கணும், பொண்ணு கையெழுத்துப் போடணும். இல்லாங்காட்டி பேங்க் லாயரு தூக்கிக் கடாசிடுவாரு."

கலைச்செல்விக்கு என் லெஸ்டர் கதை முன்பே தெரியும். "இன்னா சார் இது? பொண்ணுகிட்ட எழுதி வாங்கினதை வேணாங்கற ஊர்ல குடுத்துட்டு வந்திருக்கீங்க. கேக்கற ஊர்ல வெறுங்கையோட நிக்கறீங்க" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "என் லோன் போயிடுமா சார்?"

"போகாது" என்றேன். அந்த உறுதிக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை விரிவாக எழுதத் தேவையில்லை. தாலுகா அலுவலகத்தில் முதலில் கேட்ட கேள்வி, வெளிநாட்டில் இறந்தவருக்கு இங்கே ஏன் சான்று என்பது. அவர் இந்த ஊர்க்காரர் என்றேன். இப்போது எந்த ஊர் என்றார்கள். இறப்புச் சான்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தேன். அண்டை வீட்டார் சாட்சி சொன்னார்கள். கயல்விழி இந்தியத் தூதரகத்துக்குப் போய் எனக்குப் பவர் எழுதி அனுப்பினாள். புலம்பெயர்ந்து வாழ்வோருக்கு ஒன்று சொல்லலாம். கூட்டாக வாங்கிய வீட்டில் ஒருவர் போனால் என்ன ஆகும் என்பதை, இருவரும் இருக்கும்போதே இரண்டு நாட்டிலும் கேட்டுவையுங்கள்.

வங்கி சொன்ன தேதிக்குள் பதிவு முடிந்தது. கலைச்செல்வி கைப்பையிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்தார். "இது நேரா பேங்குக்குத்தான் போவுது. இருந்தாலும்" என்று பதிவு ரசீதின் மூலைகளில் தடவினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஏழுமலையிடம் விடைபெறப் போனேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் தம் மனையை மகனுக்கு எழுதிவைக்கிறாராம், ஏழுமலை அதன் சொத்து விவரத்தை வாய்விட்டுப் படித்தபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தார்: "திலகவதி மனைக்கு வடக்கு, பொது வீதிக்குத் தெற்கு..."

"அது இப்ப கலைச்செல்வியோட மனையாச்சே" என்றேன்.

"முன்பத்திரத்துல எப்படி இருக்குதோ அப்படியேதான் சார் எழுதறது. மாத்துனா, இது வேற இடமான்னு கேப்பாங்க." என்னை ஏறிட்டுப் பார்த்தார். "மாத்தணுங்களா சார்?"

"வேண்டாம். எழுதுங்க."

அன்று காலைதான் லெஸ்டரிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. புதிய கடன் நிறைவேறிவிட்டது, பதிவேடும் திருத்தப்பட்டுவிட்டது. இணைப்பில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. முன்பு இன்னொருவரும் இருந்தார் என்பதற்கு அதில் அடையாளம் ஏதும் இல்லை.

படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் நகல் ஒன்று கிடைக்குமா என்று ஏழுமலையிடம் கேட்டேன். "அடுத்தவங்க பத்திரம் சார்" என்று தயங்கினார். பிறகு பெயர்கள் இருந்த பக்கங்களை விட்டுவிட்டு, எல்லைகள் இருந்த தாளை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தார். அது இப்போது லெஸ்டர் அலமாரியில், மூலைகளில் மஞ்சள் வெளுத்த அந்தப் பழைய தாளோடு இருக்கிறது. சட்டப்படி இரண்டுக்கும் எந்த மதிப்பும் இல்லை.