ஜன்னலுக்கு முன்னால் ஒரு முறைப்பு

ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் இருபத்திரண்டு வருடம் கண்காணிப்பாளராக இருந்தவருக்குத் தன் முறைப்பின்மேல் அசாத்திய நம்பிக்கை. அங்கே பேனாவுக்குத் தடை. மேடைமேல் போட்ட நாற்காலியிலிருந்து அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், பேனா எடுத்தவர்கள் பென்சிலுக்கு மாறிவிடுவார்கள்.

“அங்க ஈ பறக்கணும்னாகூட என்னைக் கேட்டுத்தான் பறக்கும்” என்று வீட்டில் அளப்பார்.

“இங்க பூனைகூட உங்கள மதிக்கல” என்பாள் மனைவி.

ஓய்வு பெற்ற மறுமாதம், குடும்ப நிலத்தின் பழைய வரைபடத்தைத் தேடி வாசகராகப் போனார். முதன்முறையாக எதிர்மேசையில் உட்கார்ந்து நிமிர்ந்தார். மேடை நாற்காலிக்குப் பின்னால் பெரிய ஜன்னல். கண்கூசும் வெளிச்சத்தில் முகமே தெரியவில்லை. கறுப்பாக ஓர் உருவம் மட்டும் தெரிந்தது. ஆக, இவருடைய முறைப்பை இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை! ‘வெட்டியாக முகத்தைக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, மடையா’ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆனாலும் அந்த உருவம் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கவே, கையிலிருந்த பேனாவை அவசரமாகப் பைக்குள் திணித்தார்.

“புது ஆள் ரொம்பக் கறாரோ?” என்று ஆவணக்கட்டு கொண்டுவந்த ஊழியரிடம் கிசுகிசுத்தார்.

“அவரு டீ குடிக்கப் போயிருக்காரு சார். நாற்காலியில அவரோட கோட்டும் தொப்பியும்தான் இருக்கு.”